மூடிய பிறகு யாருக்குத் தெரியும்?

2018-இல் ஹாங்காங்கின் ஹுங் ஹோம் ரயில் நிலைய விரிவாக்கப் பணியில் நடந்த ஒரு விஷயம் வெளியே வந்தது. நடைமேடைத் தளத்துக்கான கம்பிகளின் மரை போட்ட முனைகளைக் கப்ளர்களுக்குள் (இரண்டு கம்பிகளை இணைக்கும் உலோகக் குழல்கள்) முழுதாகத் திருகி இறுக்க வேண்டும், வரைபடம் சொன்னது அதைத்தான். ஆனால் சில இடங்களில் மரை முனையையே வெட்டிவிட்டு, கம்பியைச் சும்மா சொருகி, வெளியிலிருந்து பார்த்தால் சரியாகத் திருகியதுபோலத் தெரியும்படி செய்திருந்தார்கள். மேலே கான்கிரீட்டும் போட்டாயிற்று. விஷயத்தை வெளியே சொன்னது அதே வேலையில் இருந்த ஒரு சப்-காண்ட்ராக்ட் நிறுவனம். அப்புறம் விசாரணை ஆணையம் வந்தது, போட்ட கான்கிரீட்டை இடம் இடமாக உடைத்துத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

கட்டுமானத் தொழிலில் நேர்மை என்று பேச்செடுத்தால் உடனே லஞ்சம், அனுமதி, கணக்கில் வராத பணம் என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் இருக்கிறது, பெரிய அளவில் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்: இங்கே ஒவ்வொரு வேலையையும் அடுத்த வேலை மூடிவிடுகிறது. அஸ்திவாரத்தை மண் மூடுகிறது, கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது, செங்கல்லையும் குழாயையும் பூச்சு மூடுகிறது, பூச்சைப் பெயிண்ட் மூடுகிறது. கடைசியில் வாங்குபவர் கையால் தடவிப் பார்ப்பது பெயிண்டையும் டைல்ஸையும்தான். சட்டை வாங்கினால் தையலைப் பிரித்துப் பார்க்கலாம், கார் வாங்கினால் மூடியைத் திறந்து பார்க்கலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டை அப்படித் திறந்து பார்க்க வழியில்லை. அதனால் "மூடிட்டா யாருக்குத் தெரியும்" என்ற எண்ணம் வருகிற அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் நேர்மை முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நிமிடம் எவ்வளவு சாதாரணமானது என்று பாருங்கள். கான்கிரீட் கெட்டியாக இருக்கிறது, கம்பிகளுக்கு நடுவே இறங்க மாட்டேன் என்கிறது, ஆட்கள் களைத்துப் போயிருக்கிறார்கள், யாரோ ஒருவர் நாலு வாளித் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றச் சொல்கிறார். உடனே கலவை வழவழவென்று ஓடுகிறது, வேலை சீக்கிரம் முடிகிறது, பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சிமென்ட்டோடு வினைபுரியத் தேவையானதற்கு மேல் இருக்கும் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும்போது உள்ளே நுண்ணிய வெற்றிடங்களை விட்டுவிட்டுப் போகிறது. வலிமை குறைகிறது, ஈரம் உள்ளே போக வழி கிடைக்கிறது. அதே மாதிரிதான் கவர் பிளாக்கும். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய சில சென்டிமீட்டர் இடைவெளியைக் காப்பது கையடக்கமான அந்தத் துண்டுதான். அது இல்லாமல் கம்பி அச்சுப் பலகையோடு ஒட்டிக் கிடந்தால் சில வருடங்களில் துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் உள்ளிருந்து வெடித்து உதிரும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்றால் எட்டு அங்குலத்துக்கு ஒன்று கட்டுவது இன்னொரு பழக்கம். சாதாரண நாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. நிலநடுக்கம் வருகிற அந்தச் சில நொடிகளில் தெரியும்.

சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கான்கிரீட் கட்டிகளை வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் 28 நாள் முடிவு கையில் வருவதற்குள் மேலே இன்னும் இரண்டு தளம் எழும்பியிருக்கும். முடிவு மோசம் என்று வந்தால் அதை நிறுத்தி வைக்க எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று யோசியுங்கள். சோதனைக்குப் போகும் கட்டியை மட்டும் தனியாக நல்ல கலவையில் வார்ப்பதும் நடக்கிறது. சோதனைச் சான்றிதழ் கோப்பில் இருப்பதும் கான்கிரீட் நன்றாக இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதே ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில், 1999 வாக்கில் ஒரு பொதுக் குடியிருப்புத் திட்டத்தின் அஸ்திவாரப் பைல்கள் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்) இருக்க வேண்டிய ஆழத்துக்கு இறங்காமல் குட்டையாக நின்றுவிட்டது தெரியவந்தது. அதற்குள் கட்டடங்கள் முப்பது மாடியைத் தாண்டியிருந்தன. இரண்டு கோபுரங்களை இடித்தே தீர வேண்டியிருந்தது. யாரும் சாகவில்லை என்பதால் உலகம் அதை மறந்துவிட்டது, ஆனால் எனக்கு அது மிகப் பெரிய பாடமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் அங்கே கட்டி முடிக்கும் முன்பே உண்மையை ஒப்புக்கொண்டு இடித்தார்கள்.

சரி, இப்படிச் செய்பவர்கள் எல்லாரும் பிறவியிலேயே கெட்டவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலான ஏமாற்று முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே, டெண்டர் திறக்கும் அறையில் தொடங்கிவிடுகிறது.

குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே வரைபடத்துக்கு விலை சொல்லும்போது ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைத்துச் சொன்னால், அவர் கணக்கில் தப்பு செய்திருக்கிறார், அல்லது எங்கோ எதையோ விடப்போகிறார், அல்லது வேலை கையில் வந்த பிறகு எக்ஸ்ட்ரா என்ற பெயரில் ஒவ்வொன்றாக வசூலிக்கப்போகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 கொள்முதல் விதி, இயல்புக்கு மீறிக் குறைவாகத் தெரியும் விலைக்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும் என்கிறது. நல்ல விதி. வேலை கொடுப்பவர் அந்த விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டால், பின்னால் நடப்பதில் அவருக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

லண்டன் கிரென்ஃபெல் டவர் இதற்கு மறக்க முடியாத உதாரணம். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது வெளிச்சுவருக்கு முதலில் துத்தநாகப் பலகை போடுவதாக இருந்தது. செலவைக் குறைக்க, பாலிஎத்திலீன் நடுவே வைத்த அலுமினியப் பலகைக்கு மாற்றினார்கள். அதில் மிச்சமானது சுமார் 2.93 லட்சம் பவுண்டு. 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டின் சமையலறையில் பிடித்த தீ அந்தப் பலகை வழியாகக் கட்டடம் முழுக்க ஏறியது. 72 பேர் இறந்தார்கள். ஏழு வருடம் கழித்து, 2024 செப்டம்பரில் வந்த இறுதி விசாரணை அறிக்கை, பலகையும் வெப்பக் காப்புப் பொருளும் தயாரித்தவர்கள் சோதனைகளை வளைத்தும் சோதனை விவரங்களைத் திரித்தும் சந்தையை ஏமாற்றினார்கள் என்று நேரடியாகவே சொன்னது. தயாரித்தவர், விற்றவர், வடிவமைத்தவர், காண்ட்ராக்டர், அனுமதி கொடுத்த அலுவலகம் என்று எல்லாரும் "அது மற்றவர் பார்த்திருப்பார்" என்றே இருந்திருக்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றை மாற்றுவது இந்தத் தொழிலில் தினமும் நடப்பது, தப்பும் இல்லை. ஆனால் மாற்றும்போது விலையைத் தவிர வேறு எதை ஒப்பிட்டுப் பார்த்தோம் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும், அதைப் படித்துப் பார்த்து ஒருவர் தன் பெயரில் பொறுப்பேற்க வேண்டும்.

டெண்டரிலேயே கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவதும் உண்டு. பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அலுவலகம் 2009-இல் 103 கட்டுமான நிறுவனங்களுக்கு மொத்தம் 12.95 கோடி பவுண்டு அபராதம் போட்டது (பிறகு மேல்முறையீட்டில் சிலருக்குக் குறைந்தது). நடந்தது என்னவென்றால், வேலை வேண்டாத நிறுவனம் போட்டியாளரிடமே "எவ்வளவு போடட்டும்" என்று கேட்டு, வேண்டுமென்றே உயர்த்திய விலையைப் போடும். பார்ப்பவருக்குப் போட்டி நடந்தது மாதிரி இருக்கும். சில இடங்களில் ஜெயித்தவர் தோற்றவருக்குப் பணமும் கொடுத்திருக்கிறார். இதில் ஏமாந்தவர்களில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இருந்தன.

பணம் எப்படி இறங்கி வருகிறது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். கட்டுமானத்தில் பணம் மேலிருந்து படிப்படியாக இறங்குகிறது: உரிமையாளர், முதன்மைக் காண்ட்ராக்டர், சப்-காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி, கடைசியில் கம்பி கட்டுபவரும் சித்தாளும். வேலையோ கீழிருந்து மேலே போகிறது, அதாவது கடைசியில் இருப்பவர் இன்றைக்கே உழைப்பைக் கொடுத்துவிடுகிறார், பணத்துக்கு மட்டும் மேலே இருக்கும் ஒவ்வொருவரும் பில் சரிபார்த்து, கையெழுத்தாகி, வங்கிக்குப் போய், திரும்பி வரும் வரை காத்திருக்கிறார். இடையில் எவராவது ஒருவர் பணத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்துக்கொண்டால் கீழே இருக்கிற எல்லாரும் கடன் வாங்குகிறார்கள்.

பிரிட்டனின் காரிலியன் நிறுவனம் 2018 ஜனவரியில் திவாலானபோது இது அப்பட்டமாகத் தெரிந்தது. நாட்டின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்று, அரசு மருத்துவமனைகள் கட்டிக்கொண்டிருந்தது. தனக்குப் பொருளும் உழைப்பும் கொடுத்தவர்களுக்கு 120 நாள் கழித்துப் பணம் என்பது அவர்களின் வழக்கமான நிபந்தனை. முன்னதாக வேண்டுமென்றால் வங்கி வழியாக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வாங்கிக்கொள்ளலாம். 2017 ஜூனில் பங்குதாரர்களுக்கு 5.5 கோடி பவுண்டு கொடுத்தார்கள், அடுத்த மாதமே ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டை மதிப்பிழந்ததாக அறிவித்தார்கள். விழுந்தபோது கையில் இருந்த ரொக்கம் சுமார் 2.9 கோடி பவுண்டு, சுமார் 30,000 சப்ளையர்களுக்கும் சப்-காண்ட்ராக்டர்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்ததோ சுமார் 200 கோடி. வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, பில்லும் கொடுத்துவிட்டு, பல மாதம் பொறுமையாக இருந்தவர்கள் அத்தனை பேர். அவர்களில் யாரும் எந்தக் கணக்கையும் திரித்தவர்கள் இல்லை.

இதற்கும் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடியான சம்பந்தம். நாலு மாதம் பணம் வராத சப்-காண்ட்ராக்டர் அனுபவமுள்ள ஆட்களை வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கடனில் கம்பி வாங்கினால் கடைக்காரர் கொடுப்பதைத்தான் வாங்க வேண்டும். சாரத்துக்கு வாடகை கட்ட முடியாமல் அரைகுறையாக நிறுத்துவார். பிறகு சைட்டில் தரம் குறைந்தது என்று அவரையே குற்றம் சொல்வார்கள், அபராதமும் பிடிப்பார்கள். தவணையைத் தாமதிப்பவர் தன் கையால் எந்தக் கம்பியையும் வெட்டவில்லைதான், ஆனாலும் வெட்ட வைத்தவர் அவர். குறைபாடு வந்தால் சரிசெய்ய என்று ஒவ்வொரு பில்லிலும் மூன்று முதல் ஐந்து சதவீதம் பிடித்து வைக்கிற ரிடென்ஷன் பணத்தின் கதையும் இதுதான். நோக்கம் நியாயமானது, ஆனால் பல இடங்களில் அது மேலே இருப்பவர் வட்டியில்லாமல் வாங்கிய கடனாக மாறிவிடுகிறது. எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன் என்ற ஒப்பந்த வரியை பிரிட்டன் 1996-இலேயே சட்டம் போட்டு, மேலே இருப்பவர் திவாலாகும் நிலை தவிர மற்றவற்றுக்குத் தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1999-இல் கட்டுமானப் பணப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து, நீதிமன்றம் போகாமல் சில வாரங்களில் தீர்ப்புப் பெற வழி செய்தது. ரிடென்ஷனைத் தனிக் கணக்கில் வைப்பது, திட்டத்துக்கென ஒரு வங்கிக் கணக்கு திறந்து அதிலிருந்து சப்-காண்ட்ராக்டருக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது என்று இன்னும் வழிகள் உண்டு. ஒரு நிறுவனம் நேர்மையானதா என்று தெரிய வேண்டுமென்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்களிடம் வேலை செய்த சப்-காண்ட்ராக்டருக்குக் கடைசி பில் எத்தனை நாளில் போனது?

அடுத்து கையெழுத்து. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் 1981 ஜூலை 17 அன்று, கூடத்தின் மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி நான்காம் மாடிப் பாலத்தையும் அதற்குக் கீழே இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்குவதாக இருந்தது. செய்வதற்கு எளிதாக அதை இரண்டு கம்பியாக மாற்றி, கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். ஒரே கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. மேல் பாலத்தின் இணைப்பில் பாரம் இரட்டிப்பானது. அந்த மாற்றத்தைக் காட்டிய வரைபடத்தில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது, கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. பொறுப்பான பொறியாளர்களின் உரிமம் பறிக்கப்பட்டது. லஞ்சமும் இல்லை, திருட்டும் இல்லை. பார்க்காமல் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

தென் கொரியாவின் சியோல் நகரில் இருந்த சம்பூங் கடைக் கட்டடம் வேறு மாதிரி. வேறு பயன்பாட்டுக்கு வடிவமைத்ததைப் பெரிய கடையாக மாற்றி, நகரும் படிக்கட்டுக்கு இடம் விட்டு, ஐந்தாவது மாடி ஒன்றையும் ஏற்ற வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். வேலையை எடுத்திருந்த கட்டுமான நிறுவனம் முடியாது, ஆபத்து என்று மறுத்தது. அவர்களை அனுப்பிவிட்டுத் தன் சொந்த நிறுவனத்தை வைத்துக் கட்டி முடித்தார். 1995 ஜூன் 29 அன்று காலையில் விரிசல்கள் பெரிதானபோது மேல் மாடியை மட்டும் மூடிவிட்டுக் கீழே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். அன்று மாலை கட்டடம் இடிந்தது, 502 பேர் இறந்தார்கள். நிறுவனத் தலைவரும் லஞ்சம் வாங்கி மாற்றங்களுக்கு அனுமதி தந்த அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். எனக்கு இதில் அதிகம் உறுத்துவது அந்த மறுத்த நிறுவனம். அவர்கள் சரியாக நடந்தார்கள், வேலையை இழந்தார்கள், ஆனால் கட்டடம் அப்படியே எழும்பியது. ஒருவர் மறுத்தால் அது அடுத்து வருபவருக்கும் அனுமதி தரும் அலுவலகத்துக்கும் பதிவாகத் தெரியும்படி ஒரு ஏற்பாடு இல்லையென்றால், நேர்மையானவரின் மறுப்பு அவருடைய மனசாட்சியை மட்டும்தான் காப்பாற்றும்.

தவறை ஒப்புக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க் சிட்டிகார்ப் கட்டடத்தின் அமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெசூரியர், கட்டி முடித்த பிறகு 1978-இல், மூலைப் பக்கமாக வீசும் புயல்காற்றுக்குப் போல்ட் போட்ட இணைப்புகள் போதாது என்று கண்டுபிடித்தார். உரிமையாளரிடம் போய்ச் சொன்னார். இரவு இரவாக இணைப்புகளைப் பற்றவைத்துப் பலப்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தின் நிழலில் வாழ்ந்தவர்களுக்கு அது 1995 வரை தெரியாது. அவர் தன் பெயரைப் பணயம் வைத்ததை மதிக்கிறேன். மக்களிடம் மறைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

தொழிலாளர்கள் விஷயத்துக்கு வருவோம். டாக்கா அருகே சாவரில், ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்தது. மேல் மாடிகள் முறையான அனுமதியில்லாமல் ஏற்றப்பட்டவை. முந்தைய நாளே விரிசல் தெரிந்து, கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியே அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்களை மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். 1,134 பேர் இறந்தார்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் எல்லாருக்கும் இல்லை.

கட்டுமான சைட்டிலும் அப்படித்தான். ஆபத்தான சாரத்தில் ஏற மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கு வழி இருக்க வேண்டும். வேறு நாட்டுக்கு வேலைக்குப் போக ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டியவருக்கு அந்த வழி கிடையாது, கடன் தீரும் வரை அவர் எதற்கும் தலையாட்டியே ஆக வேண்டும். ஆள் சேர்க்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும், தொழிலாளி அல்ல என்று 2012-இன் டாக்கா கோட்பாடுகள் சொல்வது இதனால்தான். பிரிட்டனில் 2009-இல் அதிகாரிகள் ஓர் அலுவலகத்தைச் சோதனை போட்டபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டுமான நிறுவனங்கள் காசு கொடுத்துப் பயன்படுத்திய ரகசியப் பட்டியல் சிக்கியது. அதில் 3,213 பேரின் பெயர். தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், பாதுகாப்பு சரியில்லை என்று புகார் சொன்னவர்கள். வருடக்கணக்கில் வேலை கிடைக்காமல், ஏன் என்றும் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். மூடப்போகும் வேலையைக் கடைசியாகக் கண்ணால் பார்ப்பவர் தொழிலாளிதான். அவர் வாயை அடைப்பது சோதனைக் கூடத்தைப் பூட்டுவதற்குச் சமம்.

அரசுகளும் மூடுவதற்கு உதவியிருக்கின்றன. துருக்கியில் 2018-இல், விதிமீறிக் கட்டிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்து கொடுத்தார்கள். கட்டடத்தைப் பலப்படுத்தாமலே அது சட்டப்படியான கட்டடம் ஆகிவிட்டது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அந்த நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு அந்தப் பதிவுகளைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

வாங்குபவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, அதைக் கசப்பாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். மயாமி அருகே சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று இடிந்து 98 பேர் இறந்த அடுக்குமாடியில், மூன்று வருடம் முன்பே ஒரு பொறியாளர் கான்கிரீட் சேதத்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று குடியிருப்போருக்குள் விவாதம் நீண்டது. அந்த அறிக்கை இடியும் என்று சொல்லவில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடியது என்றும் சொல்லவில்லை.

கிரென்ஃபெல்லுக்குப் பிறகு பிரிட்டனில் 2018-இல் பொறியாளர் ஜூடித் ஹேக்கிட் அரசுக்குத் தந்த ஆய்வறிக்கை "தங்க இழை" என்று ஒன்றைக் கேட்டது: வடிவமைப்பு முதல் கடைசி மாற்றம் வரை எல்லாத் தகவலும் அறுபடாமல் ஒரே இடத்தில், கட்டடத்தின் ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். பெரிய கோபுரங்களுக்காகச் சொன்னது, ஆனால் தனி வீட்டுக்கும் பொருந்தும். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்: கான்கிரீட் போடும் முன் கம்பியைத் தேதியோடு படம் எடுத்துத் தர வேண்டும், குழாய்களைச் சுவரில் மூடும் முன்னும் அப்படியே, கட்டிச் சோதனை முடிவு எந்தத் தூணுக்கு என்று குறித்திருக்க வேண்டும், பொருள் மாறினால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், நாம் கொடுக்கும் தவணை இத்தனை நாளுக்குள் வேலை செய்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். இதைக் கேட்டவுடன் "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா" என்று முகம் சுளிப்பவரும் உண்டு, "நாங்களே எடுத்து வைத்திருக்கிறோம், பாருங்கள்" என்று பழைய வேலையின் படங்களைத் திறந்து காட்டுபவரும் உண்டு. இரண்டாமவர் சொல்லும் விலை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.